சிர்பாவுக்கு சர்ப்ரைஸ் ஆகாது

தரைப்பலகை இடுக்கில் சிக்கிய ரோஜா இதழ்களை வெண்ணெய்க் கத்தியின் முனையால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறாள் சிர்பா. முழங்கால் இரண்டும் தரையில், முகம் பலகையோடு ஒட்டியபடி. நேற்றுப் புறப்பட்டுப் போன ஹெல்சிங்கி தம்பதி விட்டுச் சென்ற சொத்து இது. வெதுவெதுப்பான தரையில் மிதிபட்டு, கறுத்து, கோந்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. "எழவெடுத்த பூவு. தரையில கொட்டினா அன்பு பொங்கிருமா? கொட்டினவன் குனிஞ்சு பெருக்கினானா, அதச் சொல்லு மொதல்ல." அறையில் வேறு யாரும் இல்லை. சிர்பா திட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

முஸ்தலம்பி ஏரிக்கரையில் அவளுக்கு மூன்று மரவீடுகள் இருக்கின்றன. ஜோடியாக வருகிறவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பாள். பிள்ளைகுட்டியோடு வருகிறவர்களை ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள முகாமுக்குக் கைகாட்டிவிடுவாள். இருவரும் என்ன சாப்பிடுவது, எந்தப் பாதையில் பனிச்சறுக்கிப் போவது, எப்போது நாய்கள் இழுக்கிற வண்டி, எப்போது ஆள் நடமாட்டமே இல்லாமல் விட்டுவிடுவது, எல்லாம் அவள் போடுகிற திட்டம். கூஹ்மோ வட்டாரத்தில் இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வாயிலும் அப்படித்தான்.

தெற்கேயிருந்து சுற்றுலாக்காரர்கள் அவ்வப்போது படம் அனுப்பி யோசனை சொல்வார்கள். துண்டை அன்னப் பறவையாக மடித்து வைக்கலாமே, படுக்கைக்கு மேலே இதய வடிவில் விளக்கு மாட்டலாமே என்பார்கள். சிர்பா அந்தப் படங்களைப் பக்கத்து வீட்டு ரெய்யோவிடம் காட்டி, "இந்தத் துண்டால மூஞ்சி தொடைக்கணும்னா மொதல்ல கழுத்த முறிக்கணும் போல" என்பாள். ரெய்யோ அவளோடு பள்ளியில் படித்தவன். குளிர்காலம் முழுக்க டிராக்டரில் ஊர்ப்பனியைத் தள்ளுகிறவன். சிரிக்க வேண்டிய இடத்தில் மூக்கை உறிஞ்சுவான். அதுதான் அவன் சிரிப்பு.

வெளிநாட்டு ஜோடி ஒன்று, இரட்டைக் கட்டிலில் எதற்குத் தனித்தனியாக இரண்டு போர்வை, ஒரே போர்வையாகக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டது. "குடுக்கலாமே. நடுராத்திரி ஒருத்தர் இழுக்க, இன்னொருத்தர் வெறைக்க, காலைல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு காபிக்கு வருவீங்க. எனக்கென்ன?" என்றாள். இன்னொருவர் வடதுருவ வானத்து ஒளி சரியாக எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். "அதோட போன் நம்பர் கெடச்சா எனக்கும் குடுங்க, நானும் தேடிக்கிட்டிருக்கேன்." இத்தனை பேச்சுக் கேட்டும் ஜனங்கள் வருகிறார்கள், மறுபடியும் வருகிறார்கள். அவள் வைக்கிற சால்மன் சூப்பும், அவள் காட்டுக்குள் அனுப்புகிற பாதையும் அப்படி.

காதல் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது என்று ஊரில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. அவளுடைய புருஷன் எர்க்கி நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர். வாரம் விட்டு வாரம்தான் வீடு. ஒரு தடவை பெட்ரோல் பங்கில் பூங்கொத்து வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். சிர்பா மாவுக் கையோடு வந்து பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவர் பூ வாங்கவில்லை. ஆனால் அவர் லாரி திரும்புகிற வெள்ளிக்கிழமை, எத்தனை விருந்தாளிகள் இருந்தாலும் சரி, சிர்பா அடுப்பைத் தணித்துவிட்டுச் சாலை முனை வரைக்கும் நடந்துபோய் நிற்பாள். அங்கிருந்து வீடு வரை லாரியில் ஏறி வருவாள். இருநூறு அடிகூட இருக்காது.

அவள் மனதாரக் காறித் துப்புகிற விஷயம் ஒன்று உண்டு. அது சர்ப்ரைஸ். "ரெண்டு பேர் போற எடத்துக்கு ஒருத்தரக் கேட்டாப் போதுமா? இதென்ன ஆட்டுக்குட்டிய வண்டில ஏத்துற வேலையா?" முன்பு ஒருத்தன் பெண்டாட்டிக்கு ஆனந்த அதிர்ச்சி கொடுக்கிறேன் என்று நாய்வண்டி ஏற்பாடு செய்தான். அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் நாய் கடித்து முகத்தில் தையல் போட்டிருக்கிறது என்பது அவனுக்கு நினைவில்லை. காட்டுப் பாதை முழுக்க அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுதபடி போனாள், பின்னால் நின்று இவன் வீடியோ எடுத்தான். அன்றிலிருந்து சிர்பா ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். முன்பதிவு யார் செய்தாலும், இருவரிடமும் தனித்தனியாகப் போனில் பேசுவாள். என்ன பிடிக்கும் என்று கேட்கமாட்டாள். கடைசியாக எதற்குச் சண்டை போட்டீர்கள் என்று கேட்பாள். பதில் வந்தால் வீடு உண்டு. "சண்டையா? நாங்களா? சேச்சே" என்று சொன்னால் வீடு காலி இல்லை.

இரண்டாவது வழக்கம் சவுனா, நீராவிக் குளியல். எங்கள் பக்கத்தில் இரண்டு குடும்பம் கூடினால் பெண்கள் முறை முதலில், ஆண்கள் முறை அப்புறம். ஜோடியாக வந்தவர்கள் சேர்ந்தே போவார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிர்பா வீட்டில் அது இரண்டாம் நாளிலிருந்து. முதல் சாயங்காலம் பெண்ணோடு சிர்பாவே நீராவிக்குள் போய் உட்காருவாள். அடுத்த முறை ஆணோடு ரெய்யோ. போன குளிர்காலத்தில் தம்பேரேயிலிருந்து ஆணும் ஆணுமாக ஒரு ஜோடி வந்தது. ரெய்யோவை இரண்டு முறை தொடர்ந்து உள்ளே அனுப்பிவிட்டாள். வெந்து வெளியே வந்தவன், "ரெண்டு பேருமே நல்லவனுங்க. ஒருத்தன் மட்டும் ரொம்பத் தண்ணி ஊத்துறான்" என்று மட்டும் சொன்னான். அங்கே பேசியது எதையும் சொல்லமாட்டான். சவுனாவில் பேசியது சவுனாவோடு சரி, வாசல்படி தாண்டாது. இந்த ஊரில் களவாணிகூட அதை மீறமாட்டான்.

இத்தனை கறாராக இருக்கிறவள்தான் பிப்ரவரியில் கோட்டைவிட்டாள்.

லபுவாவிலிருந்து யூஹோ என்று ஒரு பையன் போன் செய்தான். அப்பாவோடு சேர்ந்து பன்றிப்பண்ணை நடத்துகிறவன். கைசா என்ற பெண்ணோடு மூன்று வருஷப் பழக்கம். அவள் குவோப்பியோ ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். நிச்சயதார்த்தத்தை ஏரிக்கரையில் வைத்துக்கொள்ள வேண்டும், அவளுக்குத் தெரியக் கூடாது, நீங்கள் அவளிடம் பேசினால் எல்லாம் கெட்டுவிடும் என்றான். வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் சிர்பா அந்த நொடியே போனை வைத்திருப்பாள். இவன் வேறு மாதிரி பேசினான். அவளுக்கு லேசாக வறுத்த காபித்தூள்தான் பிடிக்கும், வலது தோளில் வலி இருக்கிறது, அதனால் பனிச்சறுக்குக்குக் கோல் குட்டையாக வேண்டும், இரவு வேலை பார்த்துப் பழகியதால் காலையில் அவளை எழுப்ப வேண்டாம் என்றெல்லாம் சொன்னான். இடக்கை மோதிர விரலின் அளவை அவள் தூங்கும்போது நூல் வைத்து எடுத்தானாம். சிர்பா உருகிப்போனாள். "காதலிக்கிற பயதான்யா" என்று ரெய்யோவிடம் சொன்னாள்.

அப்புறம் திட்டத்தை அவளே போட்டாள். சனிக்கிழமை நண்பகலில் ஏரியின் உறைபனி மேல், எதிர்க்கரையில் உள்ள சாய்ப்புக் கொட்டகைக்கு ஒரு தடம். தடத்தின் இருபக்கமும் ஊசியிலைக் கொப்பு நட்டு அடையாளம். யூஹோ பின்னால் நின்று உதைத்துத் தள்ளும் சறுக்குவண்டி, முன்னிருக்கையில் கம்பளி போர்த்திய கைசா. சாய்ப்பில் தீ, கலைமான் தோல் விரிப்பு, கேக், காபி. லபுவாவிலிருந்து அவன் அப்பா, அம்மா, அத்தை மாமா, அண்ணன் தம்பி என ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து மறைவாகக் காத்திருப்பார்கள். ரெய்யோ தடத்தைப் பனி தள்ளிச் சமன் செய்து கொடுத்தான். கொப்புகளைச் சிர்பா தன் கையால் வெட்டி நட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் வந்து இறங்கினார்கள். யூஹோ உயரம், சிவந்த காது, எல்லாப் பையையும் தானே தூக்கினான். கைசா சின்னதாக இருந்தாள். கை குலுக்கி "நல்லா இருக்கு" என்று ஏரியைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் பேச்சே இல்லை. அவள் சார்பில் அவன் பேசினான். கைசாவுக்குப் பசிக்குது, கைசாவுக்கு இந்தக் கட்டில் போதும், கைசாவுக்குக் குளிரல. சூப்புக் கிண்ணத்தை மேசையில் வைக்கும்போதே சிர்பாவுக்கு எங்கோ இடித்தது. எங்கள் ஊரில் பேசாத ஆட்களுக்குப் பஞ்சமில்லை, அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இருட்டு விழுந்ததும் பெண்கள் முறை. மேல்படியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அடுப்பில் சூடேறிய கல்லின் மேல் சிர்பா ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். ஆவி எழுந்து காதைச் சுட்டது. கைசா நெடுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு, யாரிடமோ சொல்வது போல, "அஸ்திவாரம் போட்டுட்டாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எங்க வீட்டுக்கு. அவங்க அப்பா வீட்டு முத்தத்துலயே. அவன் அம்மா போட்டோ அனுப்பிச்சாங்க. பிள்ளைங்க ரூமுக்குக்கூட எடம் விட்டிருக்கு."

"உன்னக் கேட்டாங்களா?"

"கேக்கல. எடத்தக் காட்டினான். இங்கதான்னு சொன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, பேசாம இருந்தேன். வண்டில வீடு வர்ற வரைக்கும் பேசல." கைசா கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். வியர்வையாகவும் இருக்கலாம். "எனக்கு என் வேல வேணும் சிர்பா. குவோப்பியோல ராத்திரி டூட்டி, என் சின்ன வீடு, அதுதான் வேணும். பன்னிப்பண்ண முத்தத்துல என்னால இருக்க முடியாது. அவன விடணும்னு கிறிஸ்மஸ்ல இருந்து நெனைக்கிறேன். வாய் வர மாட்டேங்குது."

"ஏன் வரல?"

"அவன் கெட்டவன் இல்லியே."

"கெட்டவனா இருந்தா எனக்கு வேல லேசு. இப்பவே ரெய்யோ டிராக்டர்ல கட்டி அனுப்பிருவேன்."

கைசா சிரித்தாள். சிரித்துவிட்டு, "அவங்க வீட்டு ஆளுங்க கூடியிருக்கிற எடத்துல எனக்குத் தொண்டையே அடச்சுக்கும். எல்லாரும் என்னையே பாப்பாங்க. நான் தட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றாள்.

சிர்பாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நாளைக்கு நண்பகலில் ஒரு வேன் நிறைய ஆட்கள் இந்தப் பெண்ணைச் சுற்றி நிற்கப்போகிறார்கள். இவள் வாயடைத்து நிற்பாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, விரலில் மோதிரத்தை மாட்டிவிடுவான் அந்த நல்ல பையன். எல்லாரும் கேக் வெட்டுவார்கள். இதற்குப் பாதை போட்டதும், இருபக்கமும் கொப்பு நட்டதும் யார்? சிர்பாவுக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. முதல் கோபம் தன் மேல்தான். மூன்று கரண்டித் தண்ணீரை ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லில் விசிறினாள். இருவரும் காதைப் பொத்திக்கொண்டு கீழ்ப்படிக்கு இறங்க வேண்டியதாயிற்று.

ஆண்கள் முறை முடிந்து யூஹோ தாழ்வாரத்தில் உட்கார்ந்து சுட்ட சாஸேஜ் தின்றுகொண்டிருந்தான். உடம்பில் ஆவி பறந்தது. கைசா வீட்டுக்குள் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். ரெய்யோ படியில் உட்கார்ந்து காலணி மாட்டிக்கொண்டிருந்தான். கைசா சொன்னதைச் சிர்பா சொல்ல முடியாது. வேறு எதையும் சொல்லத் தடையில்லை.

"தம்பி, நாளைக்குக் கூட்டம் வேண்டாம். இன்னிக்கே, தனியா, அவகிட்டக் கேட்டுரு."

"நாளைக்குக் கேக்கத்தானே போறேன்?"

"ஆளுங்க முன்னாடி நிக்க வச்சுக் கேக்கறது கேக்கறதே இல்ல. உங்க ஊருக்குப் போன் போடு. காலைலதானே கெளம்புறாங்க? வரவேண்டாம்னு சொல்லு."

யூஹோ நிஜமாகவே குழம்பினான். "அம்மா ரெண்டு நாளா கேக் பண்றாங்க. மாமா அக்கார்டியன எடுத்துத் தொடச்சு வச்சிருக்காரு. அதுவுமில்லாம, வேண்டாம்னா அவ எப்பவோ சொல்லியிருப்பாளே? மனையக் காட்டினேன், ஒண்ணும் சொல்லல. அஸ்திவாரம் போட்டோம், ஒண்ணும் சொல்லல."

"அதத்தாண்டா நானும் சொல்றேன்! ஒண்ணும் சொல்லல!"

"எங்க வீட்ல அப்படித்தான். பிடிக்கலன்னா சொல்லிருவோம். சும்மா இருந்தா சரின்னு அர்த்தம்."

"உங்க வீட்டுச் சும்மாவும் எல்லார் வீட்டுச் சும்மாவும் ஒண்ணா? பன்னியக்கூட அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துத்தானே ஓட்டுவ? மூணு வருஷமா இந்தப் பொண்ணு எந்தப் பக்கம் திரும்புறான்னு பாத்தியா நீ?"

அவன் காது இன்னும் சிவந்தது. மெல்லுவதை நிறுத்தி, மரியாதையாகவே சொன்னான். "சிர்பா, ஏற்பாடு பண்ணித் தர்றதுதான் உங்க வேல. நல்லாப் பண்ணியிருக்கீங்க. மத்தது எங்க விஷயம்." எழுந்து உள்ளே போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். கதவை அறைந்திருந்தால்கூடச் சிர்பாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவகிட்டச் சொல்லப்போற, இல்ல?" என்றான் ரெய்யோ படியிலிருந்தபடியே.

"சொல்லாம?"

"அவனுக்கு வாக்குக் குடுத்திருக்க. ஊரெல்லாம் பேசுவான். சிர்பாகிட்ட ரகசியம் நிக்காதுன்னு. அப்புறம் எவன் வருவான்?"

"வரவேண்டாம். ஒருத்தனும் வரவேண்டாம். வீட்ட இடிச்சு வெறகாக்கி எரிச்சுக்கறேன். கண்ணி வச்சவ நான், அதுல அந்தப் பொண்ணு வந்து விழறத நின்னு வேடிக்க பாக்கணுமா?" சிர்பாவின் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டு, மிச்சமிருந்த சாஸேஜைத் தூக்கி, வாசலில் படுத்திருந்த தன் நாய்க்குப் போட்டாள். ரெய்யோ மூக்கை உறிஞ்சினான். இந்தத் தடவை அது சிரிப்பு இல்லை.

மறுநாள் காலை, யூஹோ வண்டியின் சறுக்குக் கம்பிக்கு மெழுகு தேய்க்கப் போயிருந்த நேரத்தில், சிர்பா கைசாவை விறகுக் கொட்டகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுற்றி வளைக்கவில்லை. எதிர்க்கரையில் யார் யார் வருகிறார்கள், என்ன நடக்கப்போகிறது, இதற்கு ஏற்பாடு செய்தது யார், எல்லாவற்றையும் கொட்டினாள். கைசாவின் முகம் வெளுத்துவிட்டது.

"இப்பக்கூட வாயத் தொறக்கமாட்டியா? காருல ஏறு. கயானில ரயிலேத்தி விடுறேன்."

கைசா தலையை ஆட்டினாள், இல்லை என்று. "ஓடிட்டேன்னா, பதட்டத்துல ஓடிட்டான்னு சொல்லுவாங்க. சமாதானம் சொல்லிக் கூட்டிட்டுப் போயிருவாங்க. எனக்கு அவங்களத் தெரியும்."

"அப்ப நேர்ல சொல்லு. எங்க, இப்ப சொல்லிப் பாரு. 'வேண்டாம்'னு சொல்லு."

"வேண்டாம்" என்றாள் கைசா.

"எனக்கே கேக்கல."

"வேண்டாம்."

"நம்ம நாய் திரும்பிக்கூடப் பாக்கல பாரு! ராத்திரி ஆஸ்பத்திரில புள்ளத்தாச்சிய அதட்டி முக்க வைக்கறவதானே நீ? அந்தக் குரல் எங்க போச்சு? அங்க விட்டுட்டு வந்துட்டியா?"

கைசா மறுபடி முயன்றாள். மூன்றாவது தடவையும் குரல் பாதியிலேயே செத்தது. கொட்டகைக்கு வெளியே யூஹோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. உற்சாகமான குரல், சின்னப் பிள்ளை கூப்பிடுவது போல. சிர்பா விறகை ஒன்றன்மேல் ஒன்றாகத் தூக்கி எறிந்து அடுக்கினாள். கைசா வெளியே போனாள்.

நண்பகலில் வெயில் பனி மேல் பட்டுக் கண்ணைக் குத்தியது. கைசா முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். யூஹோ அவளைச் சுற்றிக் கம்பளியை அழகாகச் செருகினான். தோள் வலிக்காதபடி முதுகுக்கு ஒரு தலையணைகூட வைத்தான். அதைப் பார்க்கப் பார்க்கச் சிர்பாவுக்கு அவன் மேல் இன்னும் கோபம் வந்தது. இவ்வளவு கவனிக்கத் தெரிந்தவனுக்கு வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லையே! வண்டி கொப்புகளுக்கு நடுவே போயிற்று. கைசா திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் சிர்பாவும் ரெய்யோவும் நின்றார்கள். எதிர்க்கரையில் புகை நேராக எழுந்தது. வண்டி சின்னப் புள்ளியாகிச் சாய்ப்பை அடைந்தது. மரங்களுக்குப் பின்னாலிருந்து மற்ற புள்ளிகள் வந்து அதைச் சூழ்ந்துகொண்டன. குளிர் காற்றில் உறைந்த ஏரி மேல் சத்தம் நன்றாகக் கேட்கும். கைதட்டல் கேட்டது. பிறகு அக்கார்டியன்.

"முடிஞ்சது, போச்சு. வாசிக்கறானுங்க" என்றாள் சிர்பா. "அவ நின்னுக்கிட்டிருப்பா, தட்டப் பாத்துக்கிட்டு. அந்தக் கடன்காரன் மோதிரத்தக் கையில வச்சுக்கிட்டு… ரெய்யோ, நான் போறேன் அங்க."

"நில்லு."

"என்ன நில்லு? அவளால முடியாதுடா!"

"நீ போனா நீ சொன்னதா ஆயிரும்" என்றான் ரெய்யோ. சிர்பா அவனை முறைத்தாள். ஏரியை முறைத்தாள். தடத்தின் தொடக்கத்தில் நட்டிருந்த கொப்பு ஒன்றைப் பிடுங்கித் தூர எறிந்தாள், அடுத்ததையும் பிடுங்கினாள்.

அக்கார்டியன் பாட்டின் நடுவே நின்றது.

பிறகு எதுவும் கேட்கவில்லை. கைதட்டல் இல்லை, பேச்சு இல்லை. புள்ளிகள் அசையவில்லை. சிர்பா திட்டவும் மறந்து நின்றாள். எவ்வளவு நேரம் என்று இருவருக்கும் தெரியாது. ஒரு புள்ளி மட்டும் கூட்டத்திலிருந்து பிரிந்தது. தடத்துக்கு வராமல், நேராக, மிதித்தால் முழங்கால்வரை இறங்குகிற பனியிலேயே நடந்து வந்தது. இன்னொரு புள்ளி அதன் பின்னால் சில அடி வந்து நின்றுவிட்டது. காது சிவந்த பையன்தான் அது என்று சிர்பாவுக்குத் தெரிந்தது. அவன் பாவம்தான் என்றும் தோன்றியது. தோன்றியதற்காகவும் ஒரு கெட்டவார்த்தை சொன்னாள்.

கைசா மூச்சு வாங்கக் கரை ஏறினாள். புருவத்தில் பனி பூத்திருந்தது. முகம் முழுக்க ஈரம். வலக்கையில் கையுறை இருந்தது. இடக்கை வெறுங்கையாக, இறுக மூடி, குளிரில் ரத்தச் சிவப்பாக இருந்தது. மோதிரம் போட வசதியாக அந்தக் கையுறையை அங்கே யாரோ கழற்றி வாங்கியிருக்கிறார்கள். திருப்பிக் கேட்க அவள் நிற்கவில்லை. சிர்பாவைப் பார்த்ததும் மூடிய விரல்களைத் திறந்தாள். ஐந்திலும் ஒன்றுமில்லை.

"நாய்க்குக் கேட்டுச்சா?" என்றாள் கைசா. குரல் கம்மிப் போயிருந்தது, கத்தியவள் குரல்.

சிர்பா தன் இடக்கைக் கையுறையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, சூடு ஆறுவதற்குள் அந்தக் கையில் மாட்டிவிட்டாள்.